லாக்டிக் அமில பாக்டீரியாவின் ஜீனோம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் தேடுங்கள்

இட்லி மாவு, தயிர், மோர், பழைய சோற்று நீர் என்று நம் வீட்டு உணவுகளிலிருந்தே புரோபயாட்டிக் பாக்டீரியா தேடும் வேலை இப்போது பல கல்லூரிகளில் நடக்கிறது. காலனியைத் தனித்தெடுத்து, அமிலத்தையும் பித்த உப்பையும் தாங்குகிறதா என்று பார்த்து, கடைசியில் முழு ஜீனோமையும், அதாவது அதன் மொத்த டிஎன்ஏவையும், எழுத்து எழுத்தாகப் படிக்க சீக்வென்சிங்குக்கு அனுப்புகிறார்கள். ஃபைல் திரும்பி வந்ததும் ஏதோ ஒன்று இடிக்கும். மாணவர்கள் கொண்டுவரும் இந்த ஃபைல்களைத் தொடர்ந்து பார்த்து வருவதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல முடியும்: பிழை தெரிவது கம்ப்யூட்டரில்தான், ஆனால் பெரும்பாலும் அது பிறந்தது பிளேட்டிலோ டியூபிலோ இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் சொல்கிறேன், மறுபடி சீக்வென்ஸ் செய்வதைக் கடைசியில் வைக்கிறேன்.

## முதலில் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

எதிர்பார்க்கும் ஜீனோம் அளவும் (பேஸ் எனப்படும் டிஎன்ஏ எழுத்துகளின் எண்ணிக்கை) ஜிசி சதவீதமும் (அவற்றில் ஜி, சி எழுத்துகளின் பங்கு) தெரியாமல் எந்தப் பிழையையும் கண்டுபிடிக்க முடியாது. அடிக்கடி தேவைப்படுபவை தோராயமாக இவை.

- லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம்: 33 லட்சம் பேஸ், ஜிசி 44.5
- லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ்: 30 லட்சம், 46.7
- லிமோசிலாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டம்: 20 லட்சம், 52
- லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ்: 20 லட்சம், 34.7
- லாக்டோகாக்கஸ் லாக்டிஸ்: 24 லட்சம், 35
- லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ்: 20 லட்சம், 38
- பீடியோகாக்கஸ் பென்டோசேசியஸ்: 18 லட்சம், 37
- ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ்: 18 லட்சம், 39

ஒரே இனத்துக்குள்ளேயே ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் (தனித்தனி வம்சாவளிகள்) அளவு ஒன்றிரண்டு லட்சம் மாறலாம். ஜிசி அவ்வளவு மாறாது. ஜிசி அரை சதவீதம் தள்ளிப்போனால்கூட நான் நின்று யோசிப்பேன்.

## அறிகுறி 1: டிஎன்ஏ வரவே இல்லை, அல்லது மிகக் குறைவாக வருகிறது

இந்தப் பாக்டீரியாக்களின் செல் சுவர் தடிமனானது. ஈ. கோலைக்கு எழுதிய முறையை அப்படியே செய்தால் சுவர் உடையாது.

கல்ச்சர் எவ்வளவு பழையது? எம்ஆர்எஸ் என்ற வளர்ப்புத் திரவத்தில் இரவு முழுக்க வளர்ந்த பிளாண்டாரம் பிஹெச்சை 4-க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ இறக்கிவிடும். அந்த நிலையில் சுவர் இறுகியிருக்கும், செத்த செல்களின் டிஎன்ஏ துண்டுபட்டிருக்கும். புதிதாக விதைத்து, ஓடி (கலங்கலின் அளவு) 0.6 முதல் 1 வரை வரும்போது எடுங்கள். செல்களை டிரிஸ்-இடிடிஏ கரைசலில் இரண்டு முறை கழுவுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

சுவரை வெட்டும் நொதியான லைசோசைம் வேலை செய்கிறதா? மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், 37 டிகிரி, ஒரு மணி நேரம். அன்றைக்குக் கரைத்ததாக இருக்க வேண்டும். அடுத்து எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற பொருள்) சேர்க்கும்போது கலங்கல் தெளிந்து திரவம் பிசுபிசுப்பாக மாற வேண்டும். கலங்கலாகவே இருந்தால் சுவர் உடையவில்லை, மேற்கொண்டு போவதில் பயனில்லை. பிளாண்டாரம் உள்ளிட்ட சில இனங்களின் சுவரில் அசிட்டைல் குழுக்கள் ஒட்டியிருப்பதால் லைசோசைம் அவற்றை எளிதில் வெட்டாது. அப்போது மியூட்டனோலைசின் என்ற இன்னொரு நொதியைச் சேர்க்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் கொஞ்சம்தான் தேவைப்படும். வாங்க வழியில்லை என்றால் மீடியாவில் 1 சதவீதம் வரை கிளைசின் சேர்த்து வளர்த்துப் பாருங்கள். வளர்ச்சி மெதுவாகும், சுவர் பலவீனமாகும்.

செல் உருண்டை சளி மாதிரி இழுபடுகிறதா? அது வெளியே சுரக்கும் சர்க்கரைப் பசை. லியூகோநாஸ்டாக்கில் இது அதிகம், ஏனென்றால் சுக்ரோஸ் கிடைத்தால் அது டெக்ஸ்ட்ரான் செய்யும். மீடியாவில் யாராவது சாதாரணச் சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குளுக்கோஸ் மட்டும் உள்ள எம்ஆர்எஸ்ஸில் மறுபடி வளர்த்தால் போதும்.

சிறு மணிகளைப் போட்டு இடித்துச் செல்லை உடைக்கும் முறையைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ரீட் (ஒரு தடவையில் படிக்கும் டிஎன்ஏ துண்டு) எடுக்கும் இல்லுமினா சீக்வென்சிங்குக்கு அது பரவாயில்லை. நீண்ட ரீட் வேண்டுமென்றால் டிஎன்ஏ சிதறிவிடும்.

*எப்போது வெளியே கேட்பது:* மியூட்டனோலைசினுக்கும் மசியவில்லை என்றால் செல் உருண்டையை உலர் பனிக்கட்டியில் வைத்து சீக்வென்சிங் நிறுவனத்துக்கே அனுப்பி டிஎன்ஏ எடுக்கச் சொல்லலாம். கிராம்-பாசிட்டிவ் என்று படிவத்தில் தெளிவாக எழுதுங்கள்.

## அறிகுறி 2: நானோடிராப் நிறையக் காட்டுகிறது, க்யூபிட் கொஞ்சமாகக் காட்டுகிறது

இரண்டும் டிஎன்ஏ அளவைப் பார்க்கும் கருவிகள். க்யூபிட்டை நம்புங்கள். நானோடிராப் ஆர்என்ஏவையும் உதிரி நியூக்ளியோடைடுகளையும் சேர்த்து எண்ணும். நானோடிராப் 200, க்யூபிட் 20 என்றால் உங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி ஆர்என்ஏ. ஆர்என்ஏஸ் போட்டு, காந்த மணிகளால் சுத்தம் செய்து, மறுபடி அளந்துவிடுங்கள்.

நானோடிராப் காட்டும் தூய்மை எண்ணான 260/230 விகிதம் 2-க்கு அருகே இல்லாமல் 1-க்குக் கீழே போனால் காரணம் இரண்டில் ஒன்று. கிட்டில் உள்ள குவானிடின் உப்பு மிச்சமிருக்கும், அல்லது சர்க்கரைப் பசை கூடவே வந்திருக்கும். முதலாவதற்கு இன்னொரு முறை எத்தனால் கழுவல் போதும். இரண்டாவதில் டியூபைச் சாய்த்தாலே திரவம் கனமாக நகர்வது தெரியும். அதற்கு 0.7 மோலார் உப்போடு சிடிஏபி என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பிரித்தெடுக்க வேண்டும். உப்பு அதற்குக் குறைந்தால் டிஎன்ஏவும் சேர்ந்து படிந்துவிடும், அதில் கவனம் தேவை.

## அறிகுறி 3: நானோபோர் ரன் பாதியில் செத்துப்போகிறது, அல்லது ரீட் எல்லாம் குட்டையாக இருக்கிறது

நானோபோர் என்பது டிஎன்ஏவை நுண்துளை வழியே செலுத்தி நீண்ட ரீட் எடுக்கும் முறை, அந்தத் துளைகள் இருக்கும் தட்டுதான் ஃப்ளோ செல். ஃப்ளோ செல்லில் துளைகள் தொடக்கத்திலேயே குறைவா? டிஎன்ஏ ஏற்றும் முன் சோதித்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. மினயான் ஃப்ளோ செல்லுக்கு 800 துளைகள், அதன் சிறிய வகையான ஃப்ளாங்கிளுக்கு 50 துளைகள் என்பது உத்தரவாத அளவு. சோதனையில் அதற்குக் கீழே வந்தால் ஏற்றாதீர்கள். உத்தரவாதக் காலத்துக்குள் புகார் கொடுத்தால் மாற்றித் தருவார்கள், ஏற்றிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

துளைகள் நன்றாகத் தொடங்கி வேகமாகக் குறைகின்றனவா? அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். சர்க்கரைப் பசையும் புரதமும்தான் துளைகளை அடைக்கின்றன.

துளைகள் நலம், ரீட் மட்டும் குட்டையா? 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். 10,000 பேஸுக்கு மேலே ஒரே பட்டையாக நிற்க வேண்டும். கீழ் நோக்கி இழுவினால் டிஎன்ஏ ஏற்கெனவே உடைந்திருக்கிறது. வோர்டெக்ஸ் செய்தது, குறுகிய முனையால் திரும்பத் திரும்ப உறிஞ்சியது, ஃப்ரீசரில் வைத்து வைத்து எடுத்தது, மூன்றும் வழக்கமான காரணங்கள். முனையை வெட்டிய டிப் பயன்படுத்துங்கள். டிஎன்ஏவை 4 டிகிரியிலேயே வைத்து அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

## அறிகுறி 4: அசெம்பிளி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது

ரீடுகளை ஒட்டிக் கட்டிய ஜீனோம்தான் அசெம்பிளி, அதில் தொடர்ச்சியாக வந்த ஒவ்வொரு துண்டும் ஒரு காண்டிக். அசெம்பிளி பெரிதாக வருவதுதான் அதிகம் வரும் புகார். பலர் உடனே மென்பொருளை மாற்றிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

### 4அ. கொஞ்சம்தான் பெரிது, 5,400 பேஸ் நீளத்தில் ஒரு தனிக் காண்டிக் இருக்கிறது

அது ஃபைஎக்ஸ் வைரஸ். இல்லுமினா ரன்னில் கட்டுப்பாட்டுக்காகக் கலக்கும் அந்த டிஎன்ஏவின் நீளம் 5,386 பேஸ். பிளாஸ்ட் செய்து (தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டு) உறுதிப்படுத்தி நீக்கிவிடுங்கள். அதைப் புதிய பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டிஎன்ஏ) என்று ஆய்வறிக்கையில் எழுதிவிடும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது.

### 4ஆ. நூற்றுக்கணக்கான குட்டிக் காண்டிக்குகள், எல்லாவற்றுக்கும் கவரேஜ் மிகக் குறைவு

கவரேஜ் என்பது ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக எத்தனை தடவை படிக்கப்பட்டது என்ற எண். முக்கியக் காண்டிக்குகள் 100 மடங்கு கவரேஜில் இருக்க, இவை 2, 3 மடங்கில் கிடந்தால் அதே ரன்னில் ஓடிய வேறொருவரின் மாதிரியிலிருந்து பார்கோடு (மாதிரியின் அடையாளத் துண்டு) கலந்து வந்தவையாக இருக்கும். இனத்தைக் கண்டுசொல்லும் கிராக்கன் மென்பொருளில் ஓட்டி, இனம் வேறு, கவரேஜும் குறைவு என்ற இரண்டும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் நீக்குங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் விட்டுவிடுங்கள்.

கிராக்கன் பற்றி ஓர் எச்சரிக்கை. பிளாண்டாரம் ரீடுகளில் ஒரு பகுதியை அது பென்டோசஸ் என்றோ பாராபிளாண்டாரம் என்றோ காட்டும். இவை மிக நெருங்கிய இனங்கள். அதைக் கலப்படம் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். ஸ்டாஃபிலோகாக்கஸ், பேசில்லஸ், ஈஸ்ட், என்டரோகாக்கஸ் என்று தூரத்துப் பெயர்கள் வந்தால் கவலைப்படுங்கள்.

### 4இ. அளவு ஏறக்குறைய இரண்டு ஜீனோம்களின் கூட்டுத்தொகை

மேலே உள்ள எண்களோடு கூட்டிப் பாருங்கள். இட்லி மாவிலிருந்து எடுத்த பிளாண்டாரம் 53 லட்சம் பேஸ் வந்தால், 33-ம் 20-ம் சேர்ந்தால் 53 என்பது கண்ணில் படும். ஃபெர்மென்டமோ லியூகோநாஸ்டாக்கோ கூடவே வளர்ந்திருக்கிறது. காண்டிக்குகளின் ஜிசியை வரைபடமாகப் போட்டால் 44-இல் ஒரு மேடு, 52-இலோ 38-இலோ இன்னொரு மேடு தெரியும்.

ஒரே ஒரு மேடு, அதுவும் 35-க்குப் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. பேசில்லஸ் சீரியஸ் குழுவின் ஜீனோமும் 53, 54 லட்சம் அளவில்தான் இருக்கும், ஜிசி 35. அப்படியென்றால் கலப்படமில்லை, நீங்கள் எடுத்த காலனியே வேறு. கிராம் சாயம், கேட்டலேஸ் சோதனை இரண்டையும் அன்றே செய்யுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியா வழக்கமாக கேட்டலேஸ் எதிர்மறை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டு நுரைத்தால் அந்த பிளேட்டை ஒதுக்கிவிடலாம். இரண்டு ரூபாய் கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் டிஎன்ஏவை அனுப்புவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

### 4ஈ. அளவு கொஞ்சமே கூடுதல், ஜிசி சரி, ஆனால் செக்எம் கலப்படம் காட்டுகிறது

செக்எம் என்பது ஜீனோம் எவ்வளவு முழுமை, எவ்வளவு கலப்படம் என்று மதிப்பிடும் மென்பொருள். அதன் முடிவில் முழுமை 95-க்கு மேல், கலப்படம் 5-க்குக் கீழ் என்பது பொதுவான எல்லை. தனிக் காலனியிலிருந்து வந்த ஜீனோமுக்கு அது தாராளமான எல்லை. 2-ஐத் தாண்டினாலே நான் சந்தேகப்படுவேன். பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரெயின் வேறுபாட்டு எண்ணையும் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் கூட இருப்பது அதே இனத்தின் இன்னொரு ஸ்ட்ரெயின்.

உறுதிப்படுத்த, ரீடுகளை அதே அசெம்பிளி மேல் பொருத்துங்கள். ஒரே இடத்தில் பாதி ரீட் ஓர் எழுத்தும் மீதி ரீட் வேறு எழுத்தும் காட்டும் இடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டு ஸ்ட்ரெயின்கள். சொற்பமாக, அதுவும் பல பிரதிகளாக இருக்கும் ஆர்ஆர்என்ஏ மரபணுப் பகுதிகளிலேயே இருந்தால் கவலை வேண்டாம்.

புளித்த மாவில் இது சகஜம். ஒரே மாவில் பிளாண்டாரத்தின் பல ஸ்ட்ரெயின்கள் இருக்கும், எம்ஆர்எஸ் பிளேட்டில் எல்லாம் ஒரே மாதிரி வெண்மையாகவே தெரியும். கண்ணால் பிரிக்க முடியாது. தனிக் காலனியைக் குறைந்தது மூன்று முறை மறுபடி மறுபடி கோடிழுத்துத் தூய்மைப்படுத்தியிருக்க வேண்டும்.

*என்ன செய்வது:* 4இ-யில் இரண்டு இனங்களும் தூரத்து உறவு என்றால் காண்டிக்குகளை ஜிசி, கவரேஜ் வைத்துப் பிரித்துவிட முடியும். ஆனால் புரோபயாட்டிக் பாதுகாப்புக்காக எடுக்கும் ஜீனோமுக்கு அந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து. பிளாஸ்மிட்டில் இருக்கும் மருந்து எதிர்ப்பு மரபணு எந்தப் பாக்டீரியாவுடையது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாமல் போகும். 4ஈ-யில் பிரிக்கவே முடியாது. இரண்டிலும் ஃப்ரீசர் ஸ்டாக்கிலிருந்து மறுபடி கோடிழுத்து, புது டிஎன்ஏ எடுத்து, மறுபடி சீக்வென்ஸ் செய்ய வேண்டும். ஃப்ரீசர் ஸ்டாக்கே கலந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

## அறிகுறி 5: அசெம்பிளி சிறியதாக இருக்கிறது

முதலில் கணக்குப் போடுங்கள். 33 லட்சம் பேஸ் ஜீனோமுக்கு 100 மடங்கு கவரேஜ் என்றால் 33 கோடி பேஸ் டேட்டா வேண்டும். வந்தது 5 கோடிதான் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒப்பந்தத்தில் சொன்ன டேட்டா வரவில்லை என்று கேட்டு, அதே லைப்ரரியை (சீக்வென்சிங்குக்குத் தயார் செய்த டிஎன்ஏ) மறுபடி ஓடச் சொல்லுங்கள்.

டேட்டா போதும், ஆனாலும் ஓட்டைகள் என்றால் லைப்ரரி முறையைக் கேளுங்கள். நெக்ஸ்டெரா எக்ஸ்டி 1 நானோகிராமில் வேலை செய்யும் வசதியான கிட். ஆனால் ஜிசி குறைந்த பகுதிகளில் கவரேஜ் மெலிந்துவிடும். லாக்டோகாக்கஸ், அசிடோஃபிலஸ் மாதிரி ஜிசி 35-இல் இருப்பவற்றில் இது நன்றாகத் தெரியும். பிசிஆர் இல்லாத லைப்ரரி கேட்டால் சரியாகும், அதற்கு டிஎன்ஏ அதிகம் தேவை.

அளவு குறைவு, செக்எம் முழுமை மட்டும் 99 என்றால் ஒன்றும் குறையவில்லை. இனம் வேறாக இருக்கலாம், அறிகுறி 7-க்குப் போங்கள்.

## அறிகுறி 6: காண்டிக்குகள் எக்கச்சக்கம்

குறுகிய ரீட் மட்டும் வைத்துச் செய்த பிளாண்டாரம் சில பத்துகளிலிருந்து நூற்றுச் சொச்சம் காண்டிக்குகள் வரை வரும். அது குறையே இல்லை. பிளாண்டாரத்தில் ஆர்ஆர்என்ஏ தொகுப்பு ஐந்து இடங்களில், ஒவ்வொன்றும் சுமார் 5,000 பேஸ் நீளத்தில் இருக்கிறது. 150 பேஸ் ரீடால் அதைத் தாண்ட முடியாது, அங்கே அசெம்பிளி உடையத்தான் செய்யும். இனத்தை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் மரபணு இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. "16எஸ் மரபணு ஒரு துண்டுதான் கிடைக்கிறது" என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில். ஐந்து பிரதிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்துவிட்டன, கவரேஜ் ஐந்து மடங்காக இருப்பதைப் பார்த்தால் புரியும்.

ஜீனோமுக்குள் இடம் மாறும் தாவும் மரபணுக்கள் இன்னொரு காரணம். லாக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸின் ஒரு ஸ்ட்ரெயினில் அவை இருநூறுக்கும் மேல். அந்த இனத்தைக் குறுகிய ரீடால் மூட முயல்வது வீண்.

பல நூறு தாண்டினால்:

1. ரீடுகளைச் சுத்தம் செய்யும் ஃபாஸ்ட்பி ஓட்டினீர்களா? லைப்ரரி செய்யும்போது ஒட்டும் அடாப்டர் துண்டு மிச்சம் இருந்தாலே அசெம்பிளி சிதறும்.
2. கவரேஜ் மிக அதிகமா? 500 மடங்கு நல்லது என்று நினைக்கிறார்கள். பிழை ரீடுகளும் அதே அளவு பெருகி அசெம்பிளி வரைபடத்தைச் சிக்கலாக்கும். 100 மடங்காகக் குறைத்து மறுபடி ஸ்பேட்ஸ் என்ற அசெம்பிளி மென்பொருளை ஓட்டுங்கள்.
3. 4ஈ-யில் சொன்ன இரண்டு ஸ்ட்ரெயின் கலப்படமா? பேண்டேஜ் மென்பொருளில் அசெம்பிளி வரைபடத்தைத் திறந்தால் ஏணி மாதிரி இணை இணையான பாதைகள் தெரியும்.

மூன்றும் இல்லை, முழு வட்ட ஜீனோம் கட்டாயம் வேண்டும் என்றால் நீண்ட ரீட் எடுப்பதுதான் வழி. தாவும் மரபணு, பிளாஸ்மிட், பாக்டீரியோசின் (பிற பாக்டீரியாவைக் கொல்லும் புரதம்) மரபணுத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்பது ஆய்வின் கேள்வியாக இருந்தால் அந்தச் செலவு நியாயம். இனத்தை உறுதிசெய்ய மட்டும் என்றால் தேவையில்லை.

## அறிகுறி 7: இனத்தின் பெயர் ஒத்துப்போகவில்லை

16எஸ் ஒரு பெயர், ஜீனோம் வேறு பெயர். ஜீனோமை நம்புங்கள். பிளாண்டாரம், பென்டோசஸ், பாராபிளாண்டாரம் மூன்றின் 16எஸ்ஸும் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றே. கேசி, பாராகேசி, ராம்னோசஸ் குழுவிலும் இதே கதை. 16எஸ் சொன்ன பெயரை ஏற்கெனவே கட்டுரையில் போட்டுவிட்டோமே என்று தயங்காமல் திருத்துங்கள்.

ஒரு மென்பொருள் லாக்டோபேசில்லஸ் என்கிறது, இன்னொன்று லிமோசிலாக்டோபேசில்லஸ் என்கிறது. இரண்டும் ஒன்றுதான். 2020-இல் பழைய லாக்டோபேசில்லஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்தார்கள். உங்கள் டேட்டாபேஸ் அதற்கு முந்தையது. கட்டுரையில் புதுப் பெயரைப் போடுங்கள், பழைய பெயரை ஒரு முறை குறிப்பிட்டால் போதும்.

ஏஎன்ஐ (இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமைச் சதவீதம்) 95-ஐச் சுற்றி நிற்கிறது. எதோடு ஒப்பிட்டீர்கள் என்று பாருங்கள். என்சிபிஐ என்ற பொது டேட்டாபேஸில் தவறான பெயரோடு கிடக்கும் ஜீனோம்கள் உண்டு. எப்போதும் டைப் ஸ்ட்ரெயினோடு, அதாவது அந்த இனத்துக்கு அளவுகோலாக வைத்திருக்கும் ஸ்ட்ரெயினோடு, ஒப்பிடுங்கள். பிளாண்டாரத்துக்கு அது ஏடிசிசி 14917. இன எல்லை 95 முதல் 96 வரை என்பதால் அந்த இடைவெளியில் விழுந்தால் டிஜிட்டல் டிடிஹெச் என்ற இன்னொரு ஒற்றுமை அளவைக் கணக்கிட்டு 70 சதவீத எல்லையைப் பாருங்கள். முன்பு பிளாண்டாரத்தின் துணை இனமாக இருந்த அர்ஜென்டோராடென்சிஸ் இப்போது தனி இனம். இந்தச் சாம்பல் பகுதியில் விழும் ஸ்ட்ரெயின்களுக்கு அதையும் சேர்த்து ஒப்பிட மறக்க வேண்டாம்.

எந்த டைப் ஸ்ட்ரெயினோடும் 95 வரவில்லை. புது இனமாக இருக்கலாம். அதற்கு முன் செக்எம் கலப்படத்தை மறுபடி பாருங்கள். சுத்தமாக இருந்தால் வகைப்பாட்டியல் தெரிந்த ஒருவரோடு சேர்ந்துதான் மேலே போக வேண்டும். புது இனத்தை அறிவிக்க இரண்டு நாடுகளின் கல்ச்சர் சேமிப்பகங்களில் ஸ்ட்ரெயினை வைப்பது உட்பட விதிகள் நிறைய.

## அறிகுறி 8: மரபணுக்கள் பாதியில் உடைந்து கிடக்கின்றன

பிளாண்டாரத்தில் சுமார் 3,000 மரபணுக்கள் இருக்கும். 4,500 காட்டி, அவற்றின் சராசரி நீளமும் குறைந்திருந்தால் எழுத்துப் பிழைகள் மரபணுக்களை நடுவில் வெட்டுகின்றன. பழைய ஆர்9 வகை நானோபோர் ஃப்ளோ செல்லில் ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் எண்ணிக்கை தவறும். அதுதான் வழக்கமான காரணம்.

மூல சிக்னல் ஃபைல் பத்திரமாக இருந்தால் சூப்பர் அக்யூரசி மாடலில் மறுபடி பேஸ்கால் செய்து (சிக்னலை எழுத்துகளாக மாற்றி), மெடாகா மென்பொருளில் திருத்துங்கள். இதற்குச் செலவில்லை. போதவில்லை என்றால் கொஞ்சம் இல்லுமினா டேட்டா எடுத்து பாலிபோலிஷில் திருத்தலாம். ஆர்10.4.1 ஃப்ளோ செல்லில் புதிதாக ஓட்டுவது கடைசி வழி.

தெர்மோஃபிலஸுக்கும் தயிரில் அதனோடு வரும் பல்கேரிகஸுக்கும் மட்டும் அவசரப்படாதீர்கள். பாலிலேயே வாழ்ந்து பழகியதால் தேவையற்ற மரபணுக்கள் அவற்றில் இயல்பாகவே சிதைந்திருக்கின்றன. தெர்மோஃபிலஸில் பத்தில் ஒரு மரபணு அப்படித்தான். வெளியான ஜீனோமின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே பிழை என்று சொல்லுங்கள்.

## அறிகுறி 9: இருக்க வேண்டிய பிளாஸ்மிட் காணவில்லை

2003-இல் வெளியான பிளாண்டாரம் டபிள்யூசிஎஃப்எஸ்1 ஜீனோமில் மூன்று பிளாஸ்மிட்கள் உண்டு. பெரியது 36,000 பேஸ், மற்ற இரண்டும் 2,000 பேஸ் அளவிலேயே. இந்தக் குட்டிகள்தான் நீண்ட ரீட் அசெம்பிளியில் தொலைபவை. 3,000 பேஸுக்குக் கீழே உள்ள ரீடுகளை வடிகட்டியிருந்தால் அவையும் போயிருக்கும். வடிகட்டாமல் மறுபடி ஓட்டுங்கள். வட்டமான குட்டி டிஎன்ஏவின் முனைகள் திறக்காமல் இருந்தால் அடாப்டரை முனையில் ஒட்டும் லிகேஷன் லைப்ரரியில் ஒட்டவே ஒட்டாது. ரேப்பிட் கிட் வட்டத்தை வெட்டி ஒட்டுவதால் அதில் நன்றாக வரும். குறுகிய ரீட் இருந்தால் குரோமோசோமில் பொருந்தாதவற்றை மட்டும் எடுத்துத் தனியாக அசெம்பிள் செய்து பாருங்கள்.

அப்படியும் இல்லை என்றால் பிளாஸ்மிட் உண்மையிலேயே போயிருக்கலாம். பல தடவை மீடியா மாற்றி வளர்த்த கல்ச்சரில் அது நடக்கும். பழைய ஃப்ரீசர் ஸ்டாக்கில் பிசிஆர் செய்து பாருங்கள்.

## அறிகுறி 10: மருந்து எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்று வருகிறது

இங்கே நிதானம் தேவை. இது ஒருவர் சாப்பிடப்போகும் பாக்டீரியா. பயந்து ஒதுக்கவும் கூடாது, சமாளித்து மறைக்கவும் கூடாது.

பொருத்தம் எவ்வளவு? மருந்து எதிர்ப்பு மரபணுக்களின் தொகுப்பான கார்டு டேட்டாபேஸ் 'லூஸ்' (தளர்வான பொருத்தம்) என்று காட்டுபவற்றை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எதிர்பார்ப்பது 80 சதவீத ஒற்றுமை, மரபணு நீளத்தில் 70 சதவீதப் பொருத்தம். அதற்கு மேல் வருபவற்றைத்தான் விசாரிக்க வேண்டும். அதோடு ரெஸ்ஃபைண்டரிலும் ஒரு முறை ஓட்டுங்கள். ஒரே டேட்டாபேஸை நம்ப வேண்டாம்.

வான்கோமைசினா? பிளாண்டாரம், ராம்னோசஸ், ஃபெர்மென்டம், லியூகோநாஸ்டாக், பீடியோகாக்கஸ் எல்லாம் இயல்பிலேயே வான்கோமைசினைத் தாங்கும். அவற்றின் செல் சுவர்க் கண்ணியின் முனையில் அலனினுக்குப் பதில் லாக்டேட் இருப்பதால் மருந்து பிடிக்க இடமில்லை. இது பரவக்கூடிய எதிர்ப்பு அல்ல. அசிடோஃபிலஸிலோ லாக்டோகாக்கஸிலோ வந்தால் மட்டும் கவனியுங்கள்.

டெட்-எம், எர்ம்-பி போன்ற வெளியிலிருந்து வரும் மரபணுவா? அது இருக்கும் காண்டிக்கைத் திறந்து இருபுறமும் பாருங்கள். தாவும் மரபணுவோ பிளாஸ்மிட் மரபணுவோ பக்கத்தில் இருந்தால் பரவும் வாய்ப்பு உண்மையானது. காண்டிக் மிகச் சிறியது, கவரேஜ் மிகக் குறைவு என்றால் 4ஆ-வுக்குப் போய்க் கலப்படமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மரபணு இருக்கிறது, பாக்டீரியா உண்மையில் தாங்குகிறதா? ஐஎஸ்ஓ 10932 முறையில் எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு) பார்க்க வேண்டும். வெறும் எம்ஆர்எஸ்ஸில் மருந்து தோய்த்த வட்டத் தாள் வைத்துப் பார்த்த முடிவு இதற்குப் போதாது. அந்த மீடியாவின் சத்தும் பிஹெச்சும் சில மருந்துகளின் வேலையை மாற்றிவிடும்.

மரபணு உண்மை, எம்ஐசியும் எல்லைக்கு மேல், பக்கத்தில் தாவும் மரபணு என்றால் அந்த ஸ்ட்ரெயினை உணவுக்குக் கொண்டுபோக வேண்டாம். எவ்வளவு நல்ல பித்த உப்பு முடிவுகள் இருந்தாலும் சரி. பிளாஸ்மிட்டில் மட்டும் இருந்தால் ஒரு வழி உண்டு. லிமோசிலாக்டோபேசில்லஸ் ரியூட்டரி இனத்தின் ஏடிசிசி 55730 ஸ்ட்ரெயினில் டெட்ராசைக்ளின், லின்கோமைசின் எதிர்ப்பு தரும் மரபணுக்கள் இரண்டு பிளாஸ்மிட்களில் இருந்தன. அந்தப் பிளாஸ்மிட்களை அகற்றி உருவாக்கியதே டிஎஸ்எம் 17938 என்ற இன்றைய ஸ்ட்ரெயின். அகற்றியதை மறுபடி சீக்வென்ஸ் செய்து நிரூபிக்க வேண்டும்.

ஹிஸ்டிடின், டைரோசின் டிகார்பாக்சிலேஸ் மரபணுக்களையும் இதே உட்காரலில் தேடிவிடுங்கள். அவை இருந்தால் உணவில் ஹிஸ்டமினும் டைரமினும் சேரலாம்.

*எப்போது வெளியே கேட்பது:* உற்பத்திக்குப் போகும் எண்ணம் இருந்தால் எம்ஐசியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட புரோபயாட்டிக் வழிகாட்டுதலை ஸ்ட்ரெயினைத் தேர்ந்தெடுக்கும்போதே படித்துவிடுங்கள்.

## அறிகுறி 11: அதே ஸ்ட்ரெயினின் இரண்டு ஜீனோம்கள் ஒத்துப்போகவில்லை

சில எழுத்துகள் மட்டும் வேறுபட்டால், இரண்டையும் ஒரே மென்பொருளில், ஒரே அமைப்பில் மறுபடி அசெம்பிள் செய்து பாருங்கள். பாதி வேறுபாடு மறைந்துவிடும். ஆயிரக்கணக்கில் வேறுபட்டால் டியூப் மாறியிருக்கிறது, லேபிளைத் தேடுங்கள்.

ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் அதன் இரு முனைகளையும் பாருங்கள். ஒரே தாவும் மரபணு இருபுறமும் இருந்தால் துண்டு உண்மையில் வெட்டுப்பட்டிருக்கலாம். ராம்னோசஸ் ஜிஜி ஸ்ட்ரெயினை நீண்ட காலம் வளர்த்தபோது, குடலில் ஒட்ட உதவும் பிலி இழைகளின் மரபணுத் தொகுப்பையே அது இப்படி இழந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். தொகுப்பின் இரு ஓரத்திலும் ப்ரைமர் வைத்துப் பிசிஆர் செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். இழப்பு உறுதியானால் பழைய ஸ்டாக்கிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற சேமிப்பகத்தில் ஸ்ட்ரெயினை வைத்திருந்தால் அங்கிருந்தும் பெறலாம்.

## அறிகுறி 12: என்சிபிஐ ஜீனோமைத் திருப்பி அனுப்புகிறது

அவர்கள் அனுப்பும் அறிக்கையில் காண்டிக் பெயரும் இடமும் தெளிவாக இருக்கும், அதை வரிவரியாகப் படியுங்கள். அடாப்டர் என்றால் அந்த எழுத்துகளை வெட்டுங்கள். 200 பேஸுக்குக் குறைந்த காண்டிக் என்றால் நீக்குங்கள். இனப் பெயர் பொருந்தவில்லை என்றால் அறிகுறி 7. அந்நிய இனக் கலப்படம் என்று ஒன்றிரண்டு காண்டிக்குகளை மட்டும் சொன்னால் 4ஆ. நிறையச் சொன்னால் 4இ, அதாவது பிளேட்டிலிருந்து மறுபடி.